சீத்தா விதைப் பொடியும் ஒரு ராத்திரி கண் ஆஸ்பத்திரியும்

குழந்தை தலையில் பேன் என்றதும் யாராவது ஒருவர் சீத்தாப்பழ விதையை அரைத்து வைக்கச் சொல்வார். தயவுசெய்து வைக்காதீர்கள். வைத்துவிட்டு, ராத்திரி 10 மணிக்கு 8 வயது மகளைத் தூக்கிக்கொண்டு கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு ஓடியவள் நான்.

கொழுந்தனார் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் இரண்டாங்கட்டில் வரிசையாகப் பாய் விரித்து, தலையோடு தலை ஒட்டித் தூங்கினார்கள். அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துத்தான் மகள் காதுக்குப் பின்னால் சொறிய ஆரம்பித்தாள். முதல்முறை பேன் பிடித்தால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாமாம்.

"காலங்காலமா நாங்க வச்சதுதான்த்தா" என்று மாமியார் பொடியை எண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். வைத்து ஊறவிட்டு, தலைக்கு ஊற்றும்போது தண்ணீர் கண்ணுக்குள் வழிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வலது கண் செக்கச்செவேல் என்று வீங்கி, திறக்கவே முடியாமல் பிள்ளை அலறினாள். கருவிழியின் மேல்தோல் அரிபட்டுப் புண்ணாகியிருக்கிறது என்றார் டாக்டர். பட்டவுடனே நல்ல தண்ணீரால் நிறைய நேரம் கழுவியிருக்க வேண்டும். நானோ முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றேன். சொட்டு மருந்து விட்டு ஆறுவதற்கு 5 நாள். அந்த 5 நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. மண்ணெண்ணெயும் வேண்டாம், தீப்பிடிக்கும், தோலையும் புண்ணாக்கும்.

அப்புறம் முறையான மருந்து. மெடிக்கலில் பெர்மெத்ரின் கேட்டேன், 5 சதவீத க்ரீமைக் கொடுத்துவிட்டார்கள். அது சொறி சிரங்குக்கு. தலைக்கு வேண்டியது 1 சதவீதம். வீட்டில் வந்து அட்டையைப் படித்த பிறகுதான் தெரிந்தது, மறுபடி ஒரு பஸ். கடையிலேயே படித்துப் பார்த்துவிடுங்கள்.

ஈரத்தலையில் தடவி 10 நிமிஷம், அலசியாச்சு. செத்த பேன் உதிர்ந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்ததுதான் என் அடுத்த தப்பு. மருந்து ஈரை முழுக்கக் கொல்லாது. ஒரு வாரம் பத்து நாளில் ஈர் பொரிந்துவிடும். 9-ஆம் நாள் இரண்டாவது தடவை போட்டிருக்க வேண்டும். பரீட்சை என்று தள்ளிப்போட்டேன், இரண்டு வாரத்தில் குட்டிப் பேன்கள் ஓடின. முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

பாய், தலையணை, சோபா உறை எல்லாவற்றையும் முற்றத்தில் மூன்று நாள் வெயிலில் போட்டு முதுகு ஒடிந்தது. அவ்வளவு தேவையில்லை. தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, தாவவும் செய்யாது. தலையணை உறை, துண்டு, சீப்பு, இவற்றைச் சுடுதண்ணீரில் போட்டாலே போதும்.

விட்டுப்போன இடம் மாமியாரின் கொண்டை. மகள் தினமும் அவர் பக்கத்தில்தானே படுக்கிறாள். "எனக்கு எங்கேடி பேனு" என்று இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவே இல்லை. மூன்றாம் நாள் வளவு முற்றத்து வெளிச்சத்தில் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, கூந்தலை நாலு பாகமாகப் பிரித்து, வேரிலிருந்து பேன் சீப்பைப் போட்டேன். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துண்டில் துடைத்தேன். எள்ளு மாதிரி 11 நெளிந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை, துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே வீட்டில் எல்லாருக்கும் சீவிப் பார்த்து, பேன் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் மருந்து போட்டோம். 9-ஆம் நாள் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, மறுபடியும். நடுவில் மூன்று நாளுக்கு ஒருமுறை சீவல். அதற்கப்புறம் வரவில்லை.

கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகளின் வீடுகளுக்கும் போன் போட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. "எங்க பிள்ளைக்கும்தான்க்கா" என்று மூன்று பேர் சொன்னார்கள். அதில் ஒருத்தி சீத்தா விதையை மாடியில் காயப்போட்டிருந்தாள். போனை வைக்காமலேயே போய் எடுத்து வீசச் சொன்னேன்.