கர்ப்பகாலச் சர்க்கரையோடு: ஆறாம் மாதம் முதல் குழந்தையின் ஆறாம் வாரம் வரை

கர்ப்பத்தைப் பதிவு செய்த புதிதில் எடுத்த சர்க்கரைப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லாததால், ஆறாம் மாதத்தில் அதையே மறுபடியும் எடுக்க வேண்டும் என்று கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னபோது, வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் இரு குடும்பங்களிலும் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள் என்றாலும், அது ஐம்பது வயதுக்கு மேல் வருவது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். ஆனால் 24 முதல் 28 வாரங்களுக்குள் எடுக்கும் இந்த இரண்டாவது பரிசோதனையில்தான் பலருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை தெரியவருகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பத்து நிமிடத்துக்குள் குடித்துவிடச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டிய கட்டாயம் இல்லை. காலையில் சமைத்துவைத்துவிட்டுப் பேருந்து பிடித்து வரும் பெண்களைப் பட்டினியாக வரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பதை அறிந்து அமைக்கப்பட்ட முறை இது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். அவருடைய பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மீண்டும் வர வேண்டும் என்று சொன்னதால், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 162. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு.

‘இனிப்பு நிறையச் சாப்பிட்டாயா?’ என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். காரணம் அதுவல்ல என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கர்ப்பம் வளர வளர நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சுரக்க முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், ஆனால் தாயின் இன்சுலின் போகாது. ஆகவே குழந்தையின் கணையமே அதிகமாக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கும், குழந்தையும் தேவைக்கு மேல் பெருக்கும். இந்த ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டால், பிறகு அவர்கள் சொன்னவை எல்லாம் எதற்கு என்று தானாகவே புரிந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் மட்டும்தான் மருந்து. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள் இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் 95-க்குள் இருக்க வேண்டும். குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி வீட்டிலேயே பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் சமையலறையின் உண்மை நிலவரம் தெரிந்தது. நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டால் 150-ஐத் தாண்டியது. இரண்டு இட்லியோடு ஒரு கிண்ணம் காய்கறி சாம்பாரும் ஒரு முட்டையும் சாப்பிட்டால் 118-இல் நின்றது. சத்து என்று நம்பி அத்தை காய்ச்சிக் கொடுத்த கேழ்வரகுக் கூழ் மளமளவென்று ஏற்றியது. அதே கேழ்வரகில் முருங்கைக்கீரை போட்டுத் தட்டிய அடை அவ்வளவு ஏற்றவில்லை. சோற்றை அறவே விடச் சொல்லவில்லை. அளவைக் குறைத்து, பொரியலையும் சுண்டலையும் கூட்டி, மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துச் சாப்பிடச் சொன்னார்கள். பயந்துபோய்ப் பட்டினி கிடப்பதும் தவறு, குழந்தையின் எடை குறைந்துவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

இதையெல்லாம் விடக் கடினமானது உறவினர்களின் அன்பைச் சமாளிப்பது. ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும் தாயி’ என்று சொல்லாத ஆச்சி எங்கள் பக்கத்தில் கிடையாது. ஏழாம் மாத வளைகாப்புக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகைச் சோறு கிண்டி, வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் ஊட்ட வந்தார்கள். என் அம்மா ஒரு தட்டில் பயற்றம் சுண்டலைத் தனியாக எடுத்துவந்து, ‘எல்லாரும் இதுலேருந்து ஊட்டுங்க, புள்ளைக்கு டாக்டர் சொல்லியிருக்கு’ என்று சபையில் சொல்லிவிட்டார். சிலர் முகம் சுளித்தார்கள்தான். ஆனால் அன்று நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது.

பகல் அளவுகள் கட்டுக்குள் வந்தபோதும், காலை வெறும் வயிற்று அளவு 100-க்குக் கீழே இறங்க மறுத்ததால் இரவில் இன்சுலின் போட வேண்டியதாயிற்று. இது தோல்வியல்ல, நஞ்சுக்கொடியின் வேகத்துக்கு உணவு மட்டும் ஈடுகொடுக்கவில்லை என்பதே பொருள். இன்சுலின் ஊசி கருவைக் குத்திவிடும் என்ற பயம் வீட்டில் இருந்தது. அது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் மட்டும் இறங்கும் சிறிய ஊசி. கவனிக்க வேண்டியது வேறொன்று. மருந்துக் குப்பியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிரிஞ்சும், 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடியுள்ள சிரிஞ்சும் வாங்க வேண்டும். மாற்றிப் போட்டால் அளவே மாறிவிடும். கடையில் அவசரத்தில் எதையாவது கொடுத்துவிடக்கூடும் என்பதால், என் கணவர் ஒவ்வொரு முறையும் பழைய மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே போவார்.

கடைசி மாதங்களில் குழந்தையின் அசைவைக் கவனிப்பதும், வளர்ச்சி ஸ்கேனில் வயிற்றுச் சுற்றளவும் பனிக்குட நீரும் பார்ப்பதும் வழக்கமாயின. 39-ஆம் வாரத்தில் வலி வரவழைத்து, சுகப்பிரசவத்தில் மகள் பிறந்தாள், எடை 3.1 கிலோ.

நஞ்சு வெளியேறிய பிறகு என் சர்க்கரை இறங்கிவிட்டது, இன்சுலினையும் அன்றே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அப்போதுதான் குழந்தையின் முறை வந்தது. தொப்புள்கொடியை வெட்டியதும் என்னிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுபோகிறது. அவள் கணையமோ பழைய வேகத்திலேயே சுரக்கிறது. அதனால் பிறந்த முதல் நாளில் குழந்தையின் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கச் செய்தார்கள். பிறகு குதிகாலில் ஊசியால் தொட்டு ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 45-க்குக் குறையக் கூடாது என்றார்கள். முதல் அளவு 48. வெளியே ஆச்சி சேனை தொட்டுவைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு காத்திருந்தார். குழந்தைக்குச் சர்க்கரை குறையும் என்று யாரோ சொன்னது அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. நர்ஸம்மா உள்ளே விடவில்லை. ‘மார்புல போடுங்க பாட்டி, அதுலயே எல்லாம் இருக்கு’ என்று சொல்லி, குழந்தையை என் நெஞ்சோடு தோல் படக் கிடத்திப் போர்த்திவிட்டார். அடுத்த அளவு 61 வந்தது.

முதல் சில நாட்கள் அவள் தூங்கினாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பிப் பால் கொடுத்தேன். பால் போதுகிறதா என்று அறிய, முதல் வாரம் முடியும்போது நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா என்று பார்க்கச் சொன்னார்கள். எடை முதலில் சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்தது. மஞ்சள் காமாலை லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வீட்டில் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிளறிய பிரசவ லேகியம் காத்திருந்தது. அதை நெல்லிக்காய் அளவு என்பதிலிருந்து சுண்டைக்காய் அளவாகக் குறைத்து, பூண்டுக் குழம்பையும் சுறாப் புட்டையும் தாராளமாகச் சாப்பிட்டேன்.

குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசிகள் போடும் சமயத்திலேயே தாய்க்கும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை ஒன்று உண்டு. பிரசவத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். தடுப்பூசி வரிசையில் நின்ற யாரிடமும் தாயின் சர்க்கரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானாகவே கேட்டு எடுத்துக்கொண்டேன். இரண்டு மணி நேர அளவு 124, அதாவது இயல்பு நிலை. ஆனாலும் கர்ப்பத்தில் ஒருமுறை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையும் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். என் மருந்துச் சீட்டுகள் வீட்டில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அந்தத் தேதியை மகளின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். அவளுடைய அட்டையை இந்த வீட்டில் யாரும் தொலைப்பதில்லை.