ஆயாவின் பாட்டும் ஒரு காற்புள்ளியும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் பெரியம்மா வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் ஒன்பது கேசட்டுகள். எல்லாம் எண்பதுகளில் ஆயா பாடியவை: தாலாட்டு, கும்மி, ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பாடுவது, ஒப்பாரி. ஆயா பிறந்தது மவுண்ட் எட்ஜ்கம்ப் கரும்புத் தோட்டத்து பாரக்ஸில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில். பாட்டெல்லாம் அங்கே கற்றதுதான். பெரியப்பா சமையலறை மேசையில் ரெக்கார்டரை வைத்து ஓடவிட்டுப் போய்விடுவாராம். அதனால் பாட்டோடு குக்கர் விசிலும் சேவலும் தெருவில் போகும் பஸ்ஸும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. கேசட் உறைகளில் "அம்மா 3", "அம்மா 7" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன். பெரியம்மா கேட்டது வேறு. "பாட்டை ஏற்றுவது இருக்கட்டும் தம்பி. எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் கும்மி கேட்கலாம் என்று போட்டால் ஒப்பாரி வந்து நிற்கிறது." நியாயமான கவலை. கல்யாண வீட்டில் போட்டுவிட்டால் இன்னும் மோசம்.

யூஎஸ்பி கேசட் பிளேயர் ஒன்றை இரவல் வாங்கி ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்தேன். ஒவ்வொன்றும் 90 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். ஒன்பதுக்கும் பதின்மூன்றரை மணி நேரம். இதைச் சுருக்க வழியில்லை, ஆயா பாடிய வேகத்தில்தான் ஓடும். அது 2023, மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். ஒருமுறை நடுவில் கரண்ட் போனது. கணினியை மறுபடி போட்டதும் மீட்டுத் தரவா என்று மென்பொருளே கேட்டது. தந்தது.

பாட்டுகளைக் குறிக்க முதலில் பேனாவும் நோட்டும்தான். அரைப் பக்கம் கேட்பதற்குள் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. பிறகுதான் ஆடாசிட்டியிலேயே இருக்கும் லேபிளுக்கு வந்தேன். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலையும் எம்-ஐயும் சேர்த்துத் தட்டினால் அந்த நொடியில் ஒரு கொடி நட்டுக்கொள்ளும். பெயரை எழுதி என்டர் தட்ட வேண்டும். ஒரு பகுதியை முழுதாகக் குறிக்க வேண்டுமானால் அதைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்துகொண்டு கன்ட்ரோல், பி. என்டர் தட்ட மறந்தால் லேபிள் திறந்தே இருக்கும். அப்போது ஒலியை நிறுத்த ஸ்பேஸ் தட்டினால் நிற்காது, லேபிளுக்குள் இடைவெளிதான் சேரும். "கும்மி" என்ற சொல்லுக்குப் பின்னால் ஏழெட்டு வெற்றிடம் வைத்திருந்தேன் ஓரிடத்தில், அவ்வளவும் என் பொறுமையின்மை.

பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொன்னார். இரண்டு சொல் காதில் விழுந்தால் போதும், எந்தப் பாட்டு, யார் வீட்டில் எதற்காகப் பாடியது என்று வந்துவிடும். ஒரு கும்மியில் ஆயா சட்டென்று நிறுத்தி, "அடுப்பைக் குறைடி, கறி அடி பிடிக்கிறது" என்கிறார். பிறகு விட்ட இடத்திலிருந்து சுருதி பிசகாமல் தொடர்கிறார். பெரியம்மா சிரித்துவிட்டு, "அந்த 'டி' நான்தான்" என்றார். அதற்கும் ஒரு லேபிள் போடச் சொன்னார். "அடுப்பு" என்று போட்டேன்.

லேபிள்களை எழுத்துக் கோப்பாக வெளியே எடுப்பது ஒரு நிமிட வேலை. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் பகுதியில் 'எக்ஸ்போர்ட் லேபிள்ஸ்' இருக்கிறது. புதிய பதிப்புகளில் 'எக்ஸ்போர்ட் அதர்' என்பதற்குள் தள்ளி வைத்திருக்கிறார்கள். கோப்பைத் திறந்தால் வரிக்கு ஒரு லேபிள். தொடக்கம், முடிவு, பெயர், இடையில் டேப் விசையின் இடைவெளி. நேரம் முழுதும் விநாடியில், புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம். "அடுப்பு" இப்படி வந்தது: 1028.350000, 1034.100000, அடுப்பு. கொடி மட்டும் நட்ட இடங்களில் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

ஆயிரத்து இருபத்தெட்டாவது விநாடி என்று பெரியம்மாவிடம் கொடுக்க முடியுமா? நிமிடமாக்க எக்செலில் திறந்தேன். இரண்டு நாள் போனது அங்கேதான்.

முதலில் தமிழ் காணாமல் போயிற்று. "தாலாட்டு" இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, அதே ஆர். எல்லாப் பாட்டும் ஒரே முகம். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை மறுபடி எடுத்தேன். கோப்பு நன்றாகத்தான் இருந்தது. அது யூடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடு. திறந்த நான் வேறு எழுத்துக் குறியீட்டில் திறந்திருக்கிறேன்.

அடுத்தது எண்கள். எண் என்றால் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். இவை இடப்பக்கம் நின்றன. வகுத்தால் பிழைச் செய்தி. புள்ளியும் இலக்கமும் கண்ணெதிரே இருக்க, எண்ணே இல்லை என்கிறதே என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் இந்த நாடுதான்! தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்கு முறைப்படி புள்ளி கிடையாது, காற்புள்ளி. பள்ளியில் அப்படித்தான் படித்தேன், கடையில் விலைச்சீட்டில் புள்ளியைப் பார்த்துப் பார்த்து மறந்துபோனேன். விண்டோஸ் மறக்கவில்லை. 'ஆங்கிலம், தென்னாப்பிரிக்கா' என்று அமைத்த கணினியில் 1028,35 எண், 1028.35 வெறும் எழுத்து. ஆடாசிட்டியோ எந்த ஊரானாலும் புள்ளிதான் வைக்கிறது.

விண்டோஸ் அமைப்பையே மாற்றலாம். அதே கணினியில் வேலைக் கணக்கும் பார்ப்பதால் அதில் கைவைக்கவில்லை. இரண்டு நோய்க்கும் மருந்து ஒரே இடத்தில் இருந்தது. கோப்பை எக்செலுக்கு உள்ளிருந்து திறந்தால் மூன்று படியாகக் கேள்வி கேட்கும். முதல் படியில் கோப்பின் குறியீடு என்ற பட்டியலில் 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தால் தமிழ் வந்துவிடும். மூன்றாவது படியில் 'அட்வான்ஸ்டு' பொத்தானுக்குள் தசமக் குறி எது என்று கேட்கும், அங்கே புள்ளியை வைக்க வேண்டும். நான் அதுவரை மூன்று படியையும் படிக்காமலே அடுத்து, அடுத்து என்று தட்டியிருக்கிறேன். பிறகு விநாடியை 86400 ஆல், அதாவது ஒரு நாளின் விநாடிகளால், வகுத்துக் கட்டத்தின் வடிவத்தை நிமிடம், விநாடி என்று வைத்தால் தீர்ந்தது.

தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசி. "ஒப்பாரி 20:10 என்று போட்டிருக்கிறாய். 20:00க்கே நிறுத்தினேன். அரை நிமிடமாக ஆயா அழுதுகொண்டிருக்கிறாள்." அந்தக் கேசட் பக்கத்தில் ஆரம்பத்து வெற்று இரைச்சலை 41 விநாடி வெட்டியிருந்தேன், லேபிள் எல்லாம் போட்டு முடித்த பிறகு. ஒலி முன்னால் நகர்ந்தது, லேபிள்கள் நட்ட இடத்திலேயே நின்றுவிட்டன. லேபிளை ஒலியோடு பூட்டி வைக்கும் 'சிங்க்-லாக்' போட்டுவிட்டு வெட்டியிருந்தால் கூடவே நகர்ந்திருக்கும். அந்தப் பக்கத்து நேரம் எல்லாவற்றிலும் 41 ஐக் கழித்தேன், "அடுப்பு" 17:08 இலிருந்து 16:27க்கு வந்தது. வெட்டுவதையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் லேபிள் போட வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அக்கா மகன் அந்தக் கேசட் பக்கத்தை யூடியூபில் குடும்பத்துக்கு மட்டும் ஏற்றினான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, அவனுக்காக ஆங்கில எழுத்தில் இன்னொரு வரிசை சேர்த்தேன். நேரமும் பெயருமாக அப்படியே விளக்கத்தில் ஒட்டினால் அத்தியாயங்களாகப் பிரியும். முதல் வரி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், எதுவும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது.

"அடுப்பு" ஆறு விநாடிகூட இல்லை. "எடுத்துவிடலாமா மாமா?" என்றான். பெரியம்மாவிடம் கேட்கவே பயம். மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். அதற்கு முன்னால் ஆயா ஒருமுறை இருமி, மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறார், தீயும் வாசனைதான் போல. தொடக்கத்தை 16:22க்கு இழுத்து வைத்தேன்.