பெயர் வேண்டாம் என்றவர்

"இந்தப் பிரஷர் நம்பரை எழுதினால் அது யாரிடம் போகும்?" என்று அவர் கேட்டார். அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள் முடிவெட்ட வரும் ஒரு சலூன் அது; அங்கேயே பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பதுதான் எங்கள் திட்டம். படிவத்தில் இருந்தபடியே சொன்னேன்: எங்கள் மருத்துவர், மருந்தாளுநரான நான், திட்ட அலுவலகம். மூன்றாவதைக் கேட்டதும் கையில் சுற்றியிருந்த பட்டையை அவரே கழற்றிவிட்டார்.

168/102. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பெரிய பட்டை மாற்றி எடுத்த அளவு. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பிரஷர் கூடுதலாகக் காட்டும், அதில் நான் கறார். அவர் லாரி ஓட்டுபவர். அண்ணன் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறாராம். "என்ன மாத்திரைன்னு மட்டும் சொல்லுங்க, பேர் வேண்டாம்" என்றார். பெயரில்லாமல் மருந்து எழுத வழியில்லை. நான் வற்புறுத்தவில்லை. அளவை ஒரு சீட்டில் எழுதி அவரிடமே கொடுத்தேன்.

அது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கறுப்பின ஆண்கள் வரும் சலூனில் மருந்தாளுநர் போய் உட்காரும் இந்த முறைக்குப் பெரிய சான்று, மருத்துவர் ரொனால்ட் விக்டரின் குழு லாஸ் ஏஞ்சல்ஸில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு. 52 சலூன்கள், 319 ஆண்கள். மருந்தாளுநர் சலூனுக்கே வந்து மருந்து கொடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் பிரஷரின் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி டாக்டரிடம் போகச் சொன்ன மற்ற சலூன்களில் இறங்கியது 9 புள்ளிதான். அப்படிப் பார்த்தால் சீட்டைக் கொடுத்து அனுப்பியதில் அந்த ஒன்பதுகூட உறுதியில்லை.

ஆனால் எங்களுக்குப் பக்கத்து மாநிலமான அலபாமாவில், டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறையே கறுப்பின ஆண்களின் மேகநோயை (சிபிலிஸை) பதிவு செய்துகொண்டே இருந்தது. பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. அங்கே பெயரை எழுதிக்கொண்டு மருந்தை மறைத்தார்கள். இவர் மருந்தைக் கொடு, பெயரை விடு என்கிறார். இதில் என்ன நியாயமில்லை?

சரி, அவர் டஸ்கீகி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. அந்த வரலாற்றை நானாகத்தான் அவர்மேல் ஏற்றுகிறேனோ என்னவோ. காரணம் அவர் வேலையாகவே இருக்கலாம். லாரி ஓட்டுபவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் உண்டு. அந்தப் பரிசோதனையில் பிரஷர் 160/100 தொட்டால் மூன்று மாதச் சான்றிதழ்தான், 180/110 தொட்டால் வண்டியையே எடுக்க முடியாது. எங்கள் பதிவு அந்தப் பக்கம் போகாது. ஆனால் அதை அவர் ஏன் நம்ப வேண்டும்?

"ஒரு ஆள் போச்சு" என்றார் திட்ட நிர்வாகி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணிக்கை காட்டினால்தான் அடுத்த ஆண்டு நிதி வரும், நிதி வந்தால்தான் மற்றவர்களுக்கு மாத்திரை.

சலூன்காரர் மட்டும் "விடுங்க, முடி வெட்ட எங்கே போவான், இங்கேதானே வரணும்" என்றார். வந்தும் இருக்கிறார், நான் இல்லாத நாளில். கடையில் வைத்திருக்கும் கருவியில் பிரஷர் பார்த்துக்கொண்டாராம். எவ்வளவு என்று கேட்டேன். "அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், சொல்ல முடியாது" என்றார். டாக்டரைப் பார்த்தாரா என்ற கேள்விக்கும் அதே பதில்தான். இதை நிர்வாகியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா என்றும் தெரியவில்லை.