ஒரே பண்டம் சமைக்கும் கடைகள்: வியட்நாமில் எங்கே, எந்த நேரத்தில் சாப்பிடுவது

வியட்நாமுக்குக் கிளம்புகிற நண்பர்கள் முதலில் கேட்பது, "எந்த ஓட்டலில் நல்லா இருக்கும்?" என்பதுதான். நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். பெயர்ப்பலகையில் ஒரே ஒரு பண்டத்தின் பெயர் எழுதியிருக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். பக்கம் பக்கமாகப் படம் போட்ட மெனு அட்டை இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். காலம் காலமாக ஒன்றை மட்டுமே சமைக்கும் குடும்பங்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்தக் கை தப்புவதில்லை. இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு. காலைக்கானதை இரவில் தேடிப் போனால், கிடைத்தாலும் அந்த ருசி இருக்காது.

ஹனோயில் காலை என்றால் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு இறக்கிய சாறு, அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். நெருப்பில் கருகச் சுட்ட இஞ்சியும் வெங்காயமும், அன்னாசிப்பூவும் பட்டையும் வாசனையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும். பழைய நகர்ப் பகுதியில் பாட் டான் தெரு 49-ஆம் எண் கடைக்குப் போனேன். விடிந்ததும் வாசலில் வரிசை. முதலில் காசு கொடுக்க வேண்டும், கிண்ணத்தை நாமேதான் தூக்கிப் போய் இடம் பார்த்து உட்கார வேண்டும். முன்னால் கம்பியில் இறைச்சித் துண்டங்கள் தொங்குகின்றன. அகலமான கத்தியால் ஒருவர் தாள் தாளாக அரிந்து அரிசி நூடுல்ஸ் மேல் பரப்ப, பக்கத்தில் நிற்பவர் கொதிக்கும் சாற்றை ஊற்றுகிறார். சிவப்பாக இருந்த இறைச்சி, கிண்ணம் என் கைக்கு வருவதற்குள் நிறம் மாறிவிட்டது. மேலே வெங்காயத்தாள் மட்டும்தான். வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. அந்தச் சாற்றை முதல் வாய் குடித்த பிறகு, அதில் எதையும் பிழிந்து கெடுக்கத் தோன்றவில்லை. மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்குக் கோழியில் செய்த 'ஃபோ கா' உண்டு. அதற்குத் தனிக் கடைகள். விலை நம் பணத்தில் சுமார் 200 ரூபாய், சில இடங்களில் அதற்கும் குறைவு.

மதியத்துக்கு புன் சா. நடைபாதையில் கரி அடுப்பு வைத்து விசிறிக்கொண்டிருப்பார்கள், புகையைப் பிடித்துக்கொண்டே கடையைக் கண்டுபிடித்துவிடலாம். கொத்திய பன்றி இறைச்சி வடைகளையும் கொழுப்புள்ள துண்டுகளையும் சுட்டு, மீன் சாஸ், சர்க்கரை, வினிகர் கலந்த இளஞ்சூட்டு நீரில் போட்டுத் தருகிறார்கள். தனித்தட்டில் வெள்ளை வெளேரென்று அரிசி நூடுல்ஸ், கூடை நிறையப் பச்சை இலைகள். கொஞ்சம் நூடுல்ஸைக் கிண்ணத்தில் முக்கி, இலையைப் பிய்த்துப் போட்டு, பூண்டும் மிளகாயும் சேர்த்து வாயில் வைத்தால் இனிப்பு, உப்பு, புளிப்பு, கரி வாசனை நான்கும் சேர்ந்து வரும். 2016 மே மாதம் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் சமையல் கலைஞர் ஆண்டனி போர்டெய்னும் உட்கார்ந்து சாப்பிட்டது லே வான் ஹூ தெருவிலுள்ள ஹுவாங் லியென் கடையில். இருவர் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஆறு டாலர்தான் ஆனது என்று போர்டெய்ன் பிறகு சொன்னார். அந்த மேசையைக் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் புன் சா சாப்பிட அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு அலுவலகக்காரர்கள் குட்டி பிளாஸ்டிக் முக்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் எந்தக் கடையும் போதும்.

சாப்பிட்ட கையோடு நுயென் ஹூ ஹுவான் தெருவில் கஃபே ஜியாங். குறுகலான சந்துக்குள் நுழைந்து போக வேண்டும். மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்தவர் 1946-இல், பால் தட்டுப்பாடான காலத்தில், முட்டை மஞ்சள் கருவை அடித்து நுரையாக்கிக் காபி மேல் போட்டதில் பிறந்தது முட்டைக் காபி. சூடு ஆறாமல் இருக்கக் கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துத் தருகிறார்கள். முட்டை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், கவிச்சி வாசம் துளியும் இல்லை.

தெற்கே இறங்கினால் ஹுவே. 1802 முதல் 1945 வரை நுயென் அரச வம்சத்தின் தலைநகர். காரம் பிடிக்கும் நமக்கு வியட்நாமிலேயே தோதான ஊர் இதுதான் என்பேன். எலுமிச்சைப் புல், புளிக்கவைத்த இறால் விழுது, மிளகாய் எண்ணெய் போட்ட 'புன் போ ஹுவே' என்ற மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்பை ஊரெங்கும் சாப்பிடுகிறார்கள். என்னைக் கட்டிப்போட்டது என்னவோ 'கம் ஹென்'. ஆறிப்போன சோற்றின் மேல் நகக்கண் அளவு மட்டிச் சதை, வாழைப்பூச் சீவல், இலைகள், வேர்க்கடலை, பொரித்த பன்றித் தோல், காரமான மிளகாய். அந்த மட்டி, ஊர் நடுவே ஓடும் நறுமண ஆற்றில் எடுப்பது. ஏழைகளின் காலை உணவாக இருந்தது, இன்றும் காலையில்தான் நன்றாகக் கிடைக்கிறது. அரச சமையல் என்று விளம்பரப்படுத்தும் விருந்துகளில் காரட்டில் செதுக்கிய பறவையெல்லாம் வரும். கண்ணுக்கு அழகு. நாக்குக்கு கம் ஹென் பக்கத்தில் எதுவும் நிற்காது.

ஹோய் ஆனில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், காவ் லாவ். தடிமனான, கடிபடும் நூடுல்ஸ், கொஞ்சமே கொஞ்சம் குழம்பு. ஊரிலுள்ள பா லே கிணற்றுத் தண்ணீரில் பிசைந்தால்தான் அது காவ் லாவ் என்று ஊர்க்காரர்கள் சாதிக்கிறார்கள்.

சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரில், அதே ஃபோ வேறு முகத்தோடு வருகிறது. 1954-இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து வந்தவர்கள் அதைத் தெற்கில் பரப்பினார்கள். இங்கே தட்டு நிறைய முளைப்பயறும் துளசி வகை இலைகளும் கூட வரும், சாறும் சற்று இனிப்பாக இருக்கும். எனக்கு ஹனோய்க் கிண்ணம்தான் உசத்தி. ஆனால் மாலையில் பான் செயோ சாப்பிட சைகோன்தான் சரி. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கரைத்து, பெரிய வாணலியில் மெல்லிசாகச் சுழற்றி, உள்ளே இறாலும் முளைப்பயறும் வைத்து மடிக்கிறார்கள். பார்க்க நம் முறுகல் தோசை மாதிரியே இருக்கும். ஆனால் அதைப் பிய்த்துக் கடுகுக் கீரையில் சுருட்டி, மீன் சாஸில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். தின் காங் ட்ராங் தெருச் சந்தில் அதற்கென்றே பெயர்பெற்ற கடை இருக்கிறது.

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயிலும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் வட்டித் தொழில் செய்ய வந்த செட்டியார்களும் மற்ற தமிழர்களும் வாழ்ந்த ஊர் இது. இப்போது அங்கே ஊதுபத்தி ஏற்றுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். அந்த ஊர்க் கோழிக் கறியான 'கா ரி கா'வில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் இருக்கும், கூடவே எலுமிச்சைப் புல்லும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். தொட்டுக்கொள்ள பிரெஞ்சு ரொட்டி.

சைவம் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் சாதாரணக் கடையில் வெறும் கீரைப் பொரியல் கேட்டாலும் மீன் சாஸ் விழுந்திருக்கும், இதில் கவனமாக இருங்கள். 'சாய்' என்று பலகை வைத்திருப்பவை பௌத்த மரபுச் சைவக் கடைகள். சின்ன ஊரிலும் ஒன்றாவது இருக்கும். "தோய் அன் சாய்" என்றால் புரிந்துகொள்வார்கள். டோஃபு, காளான், பலாக்காய் வைத்து, சைவ ஃபோ உட்பட எல்லாமே செய்கிறார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமி வாக்கில், ஊரில் பலரும் சைவம்தான். அன்றைக்கு வகைகள் கூடுதலாக இருக்கும், கூட்டமும் அப்படியே. மதியம் பதினொன்றரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.