ஒரே சட்டி

சனிக்கிழமை நடந்த கூத்து. இன்று செவ்வாய்க்கிழமை. சட்டி இன்னும் ஸிங்க்கில் ஊறிக்கொண்டிருக்கிறது. போகிற போக்கைப் பார்த்தால் இந்த வாரம் முழுக்க ஊறும்.

தப்பு என்னுடையதுதான். "இந்தத் தடவை டப்பா எடுத்துட்டு வராதே" என்று எங்கள் தோழி சுண்டெலியிடம் வாய் விட்டுவிட்டேன். சீலியாக், அதாவது கோதுமை மாதிரித் தானியங்களில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உடம்புக்கு ஆகாத நோய், என்று தெரிந்ததிலிருந்து இரண்டு வருடமாக அவள் எந்த வீட்டு விருந்துக்கு வந்தாலும் அந்த நீல மூடி டப்பாவும் கூடவே வரும். நாங்கள் எல்லாரும் தட்டும் கையுமாக அலைய, அவள் சோபா ஓரத்தில் உட்கார்ந்து மூடியைத் திறப்பாள். "நீங்க சாப்பிடுங்கப்பா, எனக்கு இருக்கு." அந்த 'எனக்கு இருக்கு' எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் பழகவில்லை.

சரி, டப்பா வேண்டாம் என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஃபாண்ட்யூ பண்ணுகிறேன் என்றும் சொல்லித் தொலைத்தேன். சட்டியில் சீஸை உருக்கி, முட்கரண்டியில் குத்திய ரொட்டித் துண்டை அதில் முக்கித் தின்கிற பண்டம். பரணில் நாலு வருடமாகப் பிரிக்காமல் கிடந்த சட்டிக்கும் ஆறு நீள முட்கரண்டிக்கும் விமோசனம் கொடுக்கலாம் என்று ஒரு நப்பாசை.

குளூட்டன் ஆகாத ஒருத்தியைக் கூப்பிட்டு வைத்துச் செய்ய இதைவிட மோசமான பண்டம் உலகத்தில் கிடையாது. மற்ற விருந்தென்றால் உன் தட்டு உனக்கு, என் தட்டு எனக்கு. இதில் ஆறு பேருக்கும் ஒரே சட்டி. ஒருத்தர் கோதுமை ரொட்டியை முக்கினால் போதும், அப்புறம் சட்டி முழுக்க அவளுக்கு ஆகாது. 'குளூட்டன் இல்லாதது' என்று ஒரு பொருளை விற்கவேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதுதான் பல நாடுகளில் கணக்கு. எங்கள் வீட்டில் சின்னவன் பிஸ்கட் தின்றுவிட்டு எழுந்த இடத்தில் அதைவிட அதிகம் கிடக்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமையே வேட்டை ஆரம்பித்தது. கோதுமை, பார்லி, ரை. சொல்வதற்கு மூன்றுதான், ஒளிந்திருக்கிற இடம் முந்நூறு. சோயா சாஸ் பாட்டிலைத் திருப்பினால் கோதுமை. வினிகரில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சாவது தேறும் என்று பார்த்தால் அது மால்ட் வினிகர். மால்ட் என்றால் பார்லி. சீஸ் திரியாமல் இருக்கச் சோள மாவு போடவேண்டும், அதிலாவது நிம்மதி உண்டா? ஆஸ்திரேலியாவில் கார்ன்ஃப்ளார் என்ற பெயரிலேயே கோதுமை ஸ்டார்ச்சும் விற்கிறார்களாம். இதைப் படித்த பிறகு உப்புப் பொட்டலத்தைக்கூட இவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். உப்பில் உப்புதான் இருந்தது.

மரக்கரண்டியில் இருக்கிற கீறல்களில் பழைய மாவு உட்கார்ந்திருக்குமாம், அதனால் அது நாடு கடத்தப்பட்டது. டோஸ்டரைக் கவிழ்த்தால் எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய தூளெல்லாம் கொட்டியது. அதை ஒரு பையில் போட்டுப் படுக்கையறை அலமாரியில் இவருடைய சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். இந்த அலமாரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போன் பண்ணினாள். "சீஸை உருக்கி அதுல தொட்டுத் திங்கறதுக்கு எதுக்குடி ரெண்டு நாள் வீட்டைக் கழுவறே?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

சனிக்கிழமை சாயந்திரம். ஆளுக்கு 200 கிராம் வீதம் ஆறு பேருக்கு 1.2 கிலோ சீஸ், பாதி க்ருயேர், பாதி எமென்டால். துருவித் துருவி வலது கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது. ஒயினைச் சூடாக்கி சீஸைக் கொட்டினேன். மெதுவாக உருக்கவேண்டும் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஆறு மணி ஆகிவிட்டதே என்ற பதற்றத்தில் நான் அடுப்பைக் கூட்டினேன். இரண்டே நிமிடம். சட்டிக்குள் துவைத்த துணியைப் பிழிந்து போட்ட மாதிரி ஒரு உருண்டை, அதைச் சுற்றிக் கலங்கல் தண்ணீர். கரண்டியைத் தூக்கினால் மொத்த உருண்டையும் கூடவே எழுந்து வந்தது.

எலுமிச்சைதான் காப்பாற்றியது. சூடு ஏறினால் சீஸில் இருக்கிற புரதம் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். புளிப்பு உள்ளே போய் அதிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால் பிடி தளரும். ஒயின் ஊற்றச் சொல்வதும் பாதி இதற்காகத்தான். நானோ மீதியைத் தனியாகச் சமாளிக்கலாம் என்று ஒயினை அளவு குறைத்து ஊற்றியிருந்தேன். அரை மூடி எலுமிச்சையும் கரைத்த சோள மாவும் விட்டு, சின்னத் தீயில் குறுக்கும் நெடுக்குமாகக் கிளறக் கிளற, உருண்டை முரண்டு பிடித்தபடியே இளகியது. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி.

வாசலில் நண்பர் கணக்குப்பிள்ளை, முகமெல்லாம் சிரிப்பு. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு பாகெட், அந்த நீளமான பிரெஞ்சு ரொட்டி. சுடச்சுட. நடக்க நடக்கப் பொருக்கு உதிர்கிறது. "ஃபாண்ட்யூவுக்கு ரொட்டி இல்லாம எப்படி?"

நான் போட்ட சத்தத்தில் மனிதர் ரொட்டியைக் குழந்தையை அணைக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கீழே காரில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தவரைக் கை கழுவ வைத்து, சட்டையை உதறச் சொல்லி, அப்புறம்தான் உள்ளே விட்டேன். விமான நிலையத்தில்கூட இவ்வளவு சோதிக்கமாட்டார்கள் என்று முனகினார். முனகட்டும்.

எங்கள் ரொட்டி தயாராக இருந்தது. குளூட்டன் இல்லாத ரொட்டி, சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தேன். குளூட்டன் என்பதுதான் ரொட்டியை வலை மாதிரி இழுத்துப் பிடித்து வைக்கிற வஸ்து என்று படித்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தேன். முதலில் முக்கியவர் இவர். முட்கரண்டி உள்ளே போனது. முட்கரண்டி மட்டும் வெளியே வந்தது. அடுத்தவர், அதே கதை. ரொட்டியைச் சட்டிக்குள் நழுவ விட்டவர் அபராதம் தரவேண்டும் என்று இதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. பத்து நிமிடத்தில் ஆறு பேரும் கடனாளி.

அப்புறம் ரொட்டியை ஓரம் கட்டிவிட்டு வேகவைத்த குட்டி உருளைக்கிழங்குக்கும் காலிஃப்ளவருக்கும் மாறினோம். ஆப்பிள் துண்டுதான் எதிர்பாராத வெற்றி. இதற்கு நடுவில் இவர் சரித்திரப் பாடம் எடுக்கக் கிளம்பிவிட்டார். ஏதோ மலைமேல் ஆடு மேய்த்தவர்களின் ஆதி உணவு என்று நினைக்கவேண்டாமாம். 1930களில் சுவிட்சர்லாந்தில் ஒரு சீஸ் சங்கம் விளம்பரம் செய்து இதைத் தேசிய உணவாக்கியதாம். பாடம் முடிவதற்குள் சீஸ் மேலே ஆடை கட்டிவிட்டது.

பாடத்துக்குப் பிறகு வாத்தியாரைக் காணோம். "கார் கண்ணாடி ஏத்தியிருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று கணக்குப்பிள்ளையின் சாவியோடு போனவர் கால் மணி நேரம் கழித்து வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி முட்கரண்டியை எடுத்தார். உருளைக்கிழங்கைக் குத்தினார். சட்டிப் பக்கம் குனிந்தார்.

சுண்டெலியின் கை சட்டிமேல் குடை மாதிரி விரிந்தது.

"அண்ணா. மீசை."

மீசையில் பாகெட். காலரில் பாகெட். பாதி ரொட்டியைக் காரில் உட்கார்ந்து தனியாக முடித்திருக்கிறார். நான் வாயைத் திறக்குமுன் எழுந்து ஓடி, முகம் கழுவி, ரொம்பப் பொறுப்பாகச் சட்டையும் மாற்றிக்கொண்டு வந்து நின்றார். அலமாரியைத் திறந்த வேகத்தில் டோஸ்டர் பை சரிந்திருக்கிறது. புதுச் சட்டை தோள் முழுக்கக் கல்யாணத்துக்கு முந்தைய ரொட்டித்தூள். சுண்டெலி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. மிச்ச நேரம் இவர் பால்கனியில் நின்றபடி கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் ஆப்பிள் மட்டும் கொடுத்தோம்.

கடைசியில் சட்டிக்கு அடியில் ஒரு பொருக்கு பிடிக்கும், பொன்னிறமாக, மொறுமொறுவென்று. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'கன்னிகாஸ்திரீ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்காதீர்கள். ஃபாண்ட்யூவில் சண்டை வருவது அதற்குத்தான். சுண்டெலி யாரையும் கேட்கவில்லை. சட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கத்தியால் நெம்பி, விரலைச் சுட்டுக்கொண்டு, ஐந்து துண்டாக உடைத்தாள். நாலை எங்களுக்கு நீட்டினாள். பெரிய துண்டு அவளுக்கு. இரண்டு வருடத்தில் அவள் கையால் எடுத்து எனக்கு ஒன்றைக் கொடுத்து நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிறு காலை சோபா மெத்தையைத் தூக்கிப் பெருக்கும்போது கீழே நீல மூடி டப்பா. கொண்டு வராதே என்று சொல்லியும் கொண்டுவந்திருக்கிறாள் கள்ளி. கனமாக இருந்தது. திறக்கவே இல்லை.

போன் பண்ணினேன். கொடுத்தனுப்பட்டுமா என்றேன்.

"இருக்கட்டும், அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கறேன்" என்றாள். அவசரம் ஒன்றும் இல்லையாம்.