பெட்டியோடு வரும் தாள்

அமெரிக்காவில் மின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் தரச் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். நிறுவல்களைச் சரிபார்க்க வரும் மின் ஆய்வாளருக்கும் எங்கள் எலக்ட்ரீஷியன்களுக்கும் இடையே எழும் வாதங்களில் பல, தேசிய மின் விதித்தொகுப்பின் 110.3(பி) பிரிவில்தான் வந்து நிற்கும். சோதனைக்கூடத்தின் அங்கீகாரம் பெற்ற சாதனத்தை, அந்த அங்கீகாரத்தில் அடங்கிய குறிப்புகளின்படியே நிறுவிப் பயன்படுத்த வேண்டும் என்கிறது அப்பிரிவு. அந்த ஒரு வரியால், தெர்மோகோலோடு சேர்ந்து குப்பைக்குப் போகும் நிறுவல் தாளும் சட்டத்தின் பகுதியாகிவிடுகிறது.

மொட்டைமாடியில் வைக்கப்பட்ட ஏசி ஒன்றின் பெயர்த்தகட்டில், ஒயர் குறைந்தது 28 ஆம்பியர் தாங்க வேண்டும் என்றும், பிரேக்கர் 45 ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்றும் இரண்டு எண்கள் இருந்தன. 10 கேஜ் (ஒயரின் தடிமன் எண்) செம்பு ஒயருக்கு 30 ஆம்பியர் பிரேக்கர் என்பதையே வேதமாகக் கொண்ட மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர், அதே ஒயரில் 45 ஆம்பியர் பிரேக்கரைக் கண்டதும் வேலையை நிறுத்தச் சொன்னார். அவருடைய பயம் நியாயமானது. பொதுச் சுற்றுகளில் அவர் சொல்வதே விதி. ஆனால் ஏசியின் கம்ப்ரசருக்கு மிகைச்சுமைக் காப்பு தனியாக இருப்பதால், பிரேக்கர் குறுக்குச்சுற்றையும் (ஷார்ட் சர்க்யூட்) நிலப்பழுதையும் (மின்சாரம் தரைக்குக் கசிவது) மட்டும் கவனித்தால் போதும். கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் அது விழாமலிருக்கவே பெரிய அளவு அனுமதிக்கப்படுகிறது. மாறாக, தகட்டில் ஃபியூஸ் என்று மட்டும் எழுதியிருந்தால், அதே அளவுள்ள பிரேக்கரைப் போட்டுவிட்டு ஆய்வாளரிடம் வாதாட முடியாது. ஃபியூஸ்தான் வேண்டும்.

முனைத் திருகுகளை இறுக்குவதில் இந்தப் பிடிவாதம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. முறுக்குவிசை எண் (திருகை எவ்வளவு விசையோடு முறுக்க வேண்டும் என்ற அளவு) தரப்பட்டிருந்தால் அளவுதிருத்தம் செய்த கருவியால் இறுக்க வேண்டும் என்று விதித்தொகுப்பின் 2017 பதிப்பு வெளிப்படையாகவே சொன்னது. 2020 பதிப்பு அதை, ஏற்கத்தக்க முறை எதுவாயினும் சரி என்று சற்றே தளர்த்தியது. கைப்பழக்கமே போதும் என்போரை நான் நம்புவதில்லை. தளர்ந்த இணைப்பில் தடை கூடிச் சூடேறும். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் அது மேலும் தளரும். அளவு மீறி இறுக்கினாலோ, அலுமினிய ஒயரின் இழைகள் நசுங்கும், திருகின் மரையும் பழுதாகும். எங்கள் தளத்தில் டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்குவிசையை எட்டியதும் ஒலி எழுப்பும் கருவி) ‘கிளிக்’ என்றதும் திருகின் மேல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுப்பார்கள். அந்தக் கோடு இருப்பதால் மட்டும் சரியான அளவில் இறுக்கியதாகாது என்பதால், பேனலின் உட்கதவில் ஒட்டியுள்ள எண்ணையும் ரெஞ்சில் வைத்த எண்ணையும் நான் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு.

இதற்காகத் தாளில் அச்சான எல்லாமே ஆணை என்று கொள்ளவும் முடியாது. தன் நிறுவனத்தின் உதிரிப்பாகங்களை வாங்குமாறு பரிந்துரைக்கும் வாசகம் வேறு; இன்ன வகைப் பிரேக்கரை மட்டுமே இந்தப் பேனலில் பொருத்த வேண்டும் என்ற முத்திரை வேறு. பேனலில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது என்பது அந்தப் பிரேக்கர் அங்கீகரிக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. அதேபோல், தாளில் விதியைவிடத் தளர்வாக ஏதேனும் இருந்தால் அதைக் காட்டி விதியிலிருந்து தப்பிக்கவும் இயலாது.

தாள் தொலைந்துபோனால் மாடல் எண்ணைக் கொண்டு இணையத்தில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுக்கலாம்தான், ஆனால் அங்கே கிடைப்பது பிந்தைய திருத்தமாக இருக்கக்கூடும். ஆகவே பெட்டியைப் பிரித்தவுடனேயே தாளை பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஆய்வு முடியும்வரை தள அலுவலகத்தில் வைத்திருக்கச் சொல்கிறேன்.