ரத்தசோகைப் பரிசோதனைக்கு எந்தக் கருவி? மதிப்பீட்டில் வேலை செய்த அனுபவம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் பார்க்க நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு அளக்கும் பழைய சாலி முறையே போதுமா, டிஜிட்டல் மீட்டர் வாங்கலாமா என்று மதிப்பிடும் குழுவில் இருந்தேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் இது சின்னக் கேள்வி இல்லை.

எல்லோரும் முதலில் கேட்பது மீட்டர் என்ன விலை என்றுதான். ஆனால் அதை அது உழைக்கும் வருடங்களுக்கும் செய்யும் பரிசோதனைகளுக்கும் பிரித்துப் போட்டால் ஒன்றுக்குச் சொற்பம்தான் வரும், மீட்டரில் ரத்தத்துளி வைத்துச் செருகி, ஒவ்வொரு முறையும் தூக்கிப்போடும் ஸ்ட்ரிப்தான் காசைத் தின்கிறது. சாலி முறையில் செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை அமிலத்தில் கலந்து, பத்து நிமிடம் விட்டு, டிஸ்டில்டு வாட்டரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, பழுப்பு நிறம் ஒப்பிட வைத்திருக்கும் பழுப்புக் கண்ணாடித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெளியே வரிசை நீண்டிருக்கும் நாளில் அந்தப் பத்து நிமிடத்தை யாரால் முழுசாகக் கொடுக்க முடியும்? ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்று நர்ஸ் செலவிடும் நேரத்தைக் குறித்தோம், அதைச் சம்பளக் கணக்கில் பணமாக்கினோம்.

அப்புறம் துல்லியம். அதே பெண்ணின் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை ஆய்வகத்து ஆட்டோஅனலைசரில் (ரத்தத்தைத் தானாக அளக்கும் இயந்திரம்) போட்டு ஒப்பிட்டோம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு (100 மி.லி.) 11 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7-க்குக் கீழே தீவிரம். 6.8 இருப்பவருக்கு 7.5 என்று வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் இரும்புச்சத்து மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விடுவார். சராசரி வித்தியாசம் எவ்வளவு என்பதைவிட, இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எத்தனை பேரைத் தவறவிடுகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தவறவிட்டவருக்குப் பின்னால் ரத்தம் ஏற்ற ஆகும் செலவு, குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைக்கான செலவு எல்லாவற்றையும் செலவைக் கணக்கிடும் மாடலில் கிளை கிளையாகச் சேர்த்தோம்.

கடைசியில் எது மாறினால் முடிவு மாறுகிறது என்று அறிய, மாடலில் போட்ட ஒவ்வொரு எண்ணையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தோம். முடிவை அதிகம் அசைத்தது ஸ்ட்ரிப் விலைதான். இதில் இறங்குகிறவர்கள் டெண்டர் விலையை மட்டும் எடுக்காமல் ஈரத்தில் கெட்டது, காலாவதியானது, இருப்பு இல்லாமல் மீட்டர் சும்மா கிடந்த நாட்கள் என எல்லாவற்றையும் ஸ்டாக் பதிவேட்டிலிருந்து எடுங்கள்.